முறியடித்த இடம் எங்கே? உக்ரைன் போரில் யார் கை ஓங்குகிறது என்று பார்க்க எந்த வழி தோது

"எங்க வீட்டு வாட்ஸ்அப் குரூப்புல சித்தப்பா ரஷ்யா ஜெயிச்சாச்சுங்கிறாரு. மச்சான், ரஷ்யா இன்னும் ஆறு மாசத்துல காலிங்கிறான். ரெண்டு பேருமே வீடியோ அனுப்புறாங்க. எதைத்தான் நம்புறது?"

இந்தக் கேள்வி எனக்கு மாதம் ஒரு தடவையாவது வந்துவிடுகிறது. கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. 2025 நவம்பர் 20 அன்று ரஷ்ய ராணுவத் தலைமைத் தளபதி கெராசிமோவ், வடகிழக்கு உக்ரைனில் இருக்கும் குப்யான்ஸ்க் நகரைப் பிடித்தாயிற்று என்று புடினிடம் தெரிவித்தார். டிசம்பர் 12 அன்று அதே நகரின் எல்லையில், ஊர்ப்பெயர் பொறித்த தூணுக்கு முன்னால் நின்றுகொண்டு ஸெலென்ஸ்கி வீடியோ போட்டார். சித்தப்பாவிடம் முதல் செய்தி இருக்கும், மச்சானிடம் இரண்டாவது. நடுவில் நீங்கள் முழிக்கிறீர்கள்.

நமக்குக் கிடைக்கும் வழிகள் ஆறு. ஒவ்வொன்றையும் எதை வைத்து எடைபோடுவது என்பதை முதலில் பேசிவிடலாம்.

## எடைபோடும் படிக்கற்கள்

முதலாவது, அந்த வழி எந்தக் கேள்விக்குப் பதில் சொல்கிறது. "ஜெயிப்பது" என்ற ஒரே சொல்லுக்குள் குறைந்தது நான்கு சங்கதி இருக்கிறது: நிலம் யார் கைக்குப் போகிறது, ஆள் யாருக்கு அதிகம் சாகிறது, தளவாடம் யாருக்குத் தீர்கிறது, இன்னும் எத்தனை நாள் யாரால் தாக்குப்பிடிக்க முடியும். இவை நான்கும் ஒரே பக்கம் சாய வேண்டும் என்று சட்டம் கிடையாது. 2024 ஆகஸ்ட் 6 அன்று உக்ரைன் படை எல்லை தாண்டி ரஷ்யாவின் கூர்ஸ்க் பகுதிக்குள் புகுந்தது. அதே மாதக் கடைசியில் தன் கிழக்குப் பகுதியான தொன்பாஸில் நொவோஹ்ரோதிவ்கா என்ற ஊரை ரஷ்யாவிடம் இழந்தது. அந்த மாதம் யார் ஜெயித்தது என்று கேட்டால், எந்த ஊரிலிருந்து கேட்கிறீர்கள் என்றுதான் திருப்பிக் கேட்க வேண்டும்.

இரண்டாவது, தன் தரப்புக்குக் கெட்ட செய்தியைச் சொல்லும் பழக்கம் அதற்கு உண்டா. என் கணக்கில் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் எடை அதிகம். மூன்றாவது தாமதம். நான்காவது, வீட்டில் உட்கார்ந்துகொண்டு நம்மால் சரிபார்க்க முடியுமா. ஐந்தாவது மறைந்த செலவு: நேரம், தூக்கம், சில சமயம் சொந்த பந்தத்தோடு சண்டை.

## 1. இரு தரப்பு ராணுவ அறிக்கைகள்

சுலபமாகக் கிடைப்பது, தினமும் வருவது. எதிரியின் இழப்பு பற்றி இவை சொல்லும் எண்ணை அப்படியே ஏற்றுக்கொள்ளக் கூடாது. சொந்த இழப்பு பற்றிச் சொல்லும் எண்ணை அதைவிடவும் ஏற்றுக்கொள்ளக் கூடாது.

2022 செப்டம்பர் 21 அன்று அப்போதைய ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சர் ஷோய்கு, தங்கள் பக்கம் இறந்த வீரர்கள் 5,937 பேர் என்றார். அன்றைக்கே, அதே அறிவிப்புகளோடு, 3,00,000 பேரைப் படைக்கு அழைக்கும் உத்தரவும் வந்தது. ஆறாயிரம் பேர் போனதற்கு மூன்று லட்சம் பேர் எதற்கு? எண் ஒன்றைச் சொல்லியது, உத்தரவு வேறொன்றைச் சொல்லியது. தங்கள் பக்கம் இறந்த வீரர்கள் என்று ஸெலென்ஸ்கி 2024 பிப்ரவரியில் சொன்ன எண் 31,000. அந்த ஆண்டு டிசம்பரில் சொன்னது 43,000. காணாமல் போனவர்கள் எந்தக் கணக்கில் என்பது அந்த எண்களில் தெரியாது.

அதற்காக அறிக்கைகளைத் தூக்கிக் குப்பையில் போடவும் வேண்டாம். அதற்குள் ஒரு பொக்கிஷம் இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து திருச்சியில் தங்கியிருந்த ஓர் அண்ணன்.

2008. இலங்கையில் ராணுவத்துக்கும் புலிகளுக்கும் நடந்த போரின் கடைசிக் கட்டம். நாங்கள் இருவரும் மாலையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போவோம், மணிக்குப் பதினைந்து ரூபாய். ஒரு பக்கம் இலங்கைப் பாதுகாப்பு அமைச்சின் தளம், மறுபக்கம் ஈழத்தமிழர் தரப்புச் செய்தித்தளமான தமிழ்நெட். வன்னிக்குள் சுதந்திரமாகப் போய்வர நிருபர்களுக்கு அனுமதி இல்லாத காலம். ஒருவர் "இத்தனை பயங்கரவாதிகள் பலி" என்பார், இன்னொருவர் "முன்னகர்வு முயற்சி முறியடிப்பு, இத்தனை படையினர் பலி" என்பார். நான் எண்களைக் கூட்டிக்கொண்டிருப்பேன். அண்ணன் ஒருநாள் சொன்னார்: "தம்பி, எத்தினை பேர் செத்தவை எண்டு பாக்காத. எந்த இடத்தில முறியடிச்சவை எண்டு பார்."

நாட்காட்டித் தாளின் பின்பக்கத்தில் அவரே வன்னியை வரைந்து வைத்திருந்தார். செய்தியில் ஊர்ப்பெயர் வரும்போதெல்லாம் பென்சிலால் ஒரு புள்ளி, பக்கத்தில் தேதி. மே மாதம் மன்னார்ப் பக்கம் அடம்பன். ஜூலையில் விடத்தல்தீவு. செப்டம்பரில் மல்லாவி. பிறகு அக்கராயன். நவம்பரில் பூநகரி. எல்லா இடத்திலும் முறியடிப்புதான். ஆனால் புள்ளிகள் புலிகளின் தலைமையிடமான கிளிநொச்சியை நோக்கி நடந்துகொண்டே இருந்தன. நவம்பருக்குப் பிறகு அவர் அந்தத் தாளை வெளியே எடுக்கவில்லை. 2009 ஜனவரி 2 அன்று கிளிநொச்சி விழுந்தது.

உக்ரைன் ராணுவத் தலைமையகமும் தினமும் எந்தெந்த ஊர்ப் பக்கம் தாக்குதலை முறியடித்தோம் என்று பட்டியல் போடுகிறது. அண்ணனின் பென்சிலை இங்கே கொண்டுவாருங்கள். 2024 பிப்ரவரி 17 அன்று தொன்பாஸில் அவ்தீவ்கா விழுந்தது. ஏப்ரல் கடைசியில் சண்டை ஒச்செரெதினேயில். ஆகஸ்டில் நொவோஹ்ரோதிவ்கா. அக்டோபரில் செலிதொவே. வருடக் கடைசியில் போக்ரோவ்ஸ்க் வாசல். அவ்தீவ்காவிலிருந்து போக்ரோவ்ஸ்க் சுமார் 40 கிலோமீட்டர். பத்து மாதம் பிடித்திருக்கிறது. திசையும் தெரிந்தது, வேகமும் தெரிந்தது. இரண்டையும் உக்ரைன் தரப்பின் வாயிலிருந்தே எடுத்துக்கொண்டோம்.

ரஷ்ய அறிக்கையிலும் இது செல்லும். 2022 செப்டம்பர் 10 அன்று பலாக்லியா, இஸியும் பகுதிப் படைகளை "மறுபடி அணிசேர்க்கிறோம்" என்று மாஸ்கோ சொன்னது. புலிகள் பின்வாங்கும்போது சொன்ன "தந்திரோபாயப் பின்னகர்வு" என்ற சொல்லைக் கேட்டு வளர்ந்த காதுக்கு அதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது. கார்கிவ் பகுதியில் ஆயிரக்கணக்கான சதுர கிலோமீட்டர் சில நாட்களில் கைமாறியிருந்தது.

இந்த முறைக்கும் ஒரு குருட்டுப் பக்கம் உண்டு, அதையும் அந்தத் தாளில்தான் பார்த்தேன். புள்ளிகள் கோட்டின் நகர்வைச் சொல்லின. கோட்டுக்குள் அடைபட்ட சனத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. 2008 செப்டம்பரில் ஐ.நா. பணியாளர்கள் கிளிநொச்சியை விட்டு வெளியேறினார்கள். 2011-இல்தான் ஐ.நா. நிபுணர் குழு, கடைசி மாதங்களில் 40,000 பொதுமக்கள் வரை இறந்திருக்கக்கூடும் என்பதை மறுக்க முடியாது என்று எழுதியது.

## 2. வரைபடங்கள்

இரண்டு பெயர் போதும். ஒன்று வாஷிங்டனில் இருக்கும் போர் ஆய்வு நிறுவனம், ஐ.எஸ்.டபிள்யூ. மற்றது உக்ரைன் தன்னார்வலர்கள் நடத்தும் டீப்ஸ்டேட். இரண்டுமே உக்ரைன் பக்கம் அனுதாபம் உள்ளவை என்பதை மனதில் வைத்துக்கொண்டு பார்க்கலாம்.

டீப்ஸ்டேட்டை நான் மதிப்பதற்குக் காரணம் இரண்டாவது படிக்கல். ராணுவம் வாய் திறக்காதபோதும் இன்ன ஊர் போய்விட்டது என்று பலமுறை முதலில் போட்டவர்கள் அவர்கள். அதற்காகச் சொந்த ஊரிலேயே திட்டும் வாங்கியிருக்கிறார்கள். ஐ.எஸ்.டபிள்யூ. வரைபடத்தில் "ரஷ்யா உரிமை கோரும் பகுதி" தனி நிறம், "முன்னேறியதாக மதிப்பிட்ட பகுதி" தனி நிறம். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் வரைபடத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறவர்கள்தான் அதிகம்.

மறைந்த செலவு என்ன? சிவப்பு நிறம் ஒரு மில்லிமீட்டர் நகர்ந்தாலும் நம் கண்ணுக்கு அது பெரிதாகப்படும். ஐ.எஸ்.டபிள்யூ. கணக்குப்படி 2024 முழுக்க ரஷ்யா பிடித்தது 4,168 சதுர கிலோமீட்டர். உக்ரைனின் பரப்பு ஆறு லட்சத்துக்கும் மேல். அதில் ஒரு சதவீதம்கூட இல்லை. சித்தப்பா பார்ப்பது நகரும் கோடு. மச்சான் பார்ப்பது இந்தச் சதவீதம். இருவரும் பார்ப்பது ஒரே வரைபடம்தான்.

இன்னொன்று: ட்ரோன்கள் பெருகிய பிறகு போர்முனை ஒரு கோடாகவே இல்லை. இரு தரப்பும் நிலையாக நிற்க முடியாத சாம்பல் நிறப் பட்டை பல கிலோமீட்டர் அகலம். அதற்குள் நாலு பேர் ஊடுருவிக் கொடியைத் தூக்கி வீடியோ எடுத்தால் அந்த ஊர் அவர்களுடையதாகிவிடாது. குப்யான்ஸ்க் கதையில் நடந்தது ஏறக்குறைய இதுதான்.

## 3. படத்தை வைத்து எண்ணுபவர்கள்

ஓரிக்ஸ் குழு 2022 பிப்ரவரியிலிருந்து அழிந்த, கைவிடப்பட்ட, பிடிபட்ட வாகனங்களைப் படம் இருந்தால் மட்டும் எண்ணுகிறது. ரஷ்ய டாங்கிகள் 4,000-க்கும் மேல் அந்தப் பட்டியலில் ஏறிவிட்டன. உக்ரைன் ராணுவம் அறிவிக்கும் எண் 11,000-ஐத் தாண்டியது. உண்மை நடுவில்தான் இருக்கும் என்று கூட்டி இரண்டால் வகுக்காதீர்கள். ஓரிக்ஸ் எண் ஒரு தரைமட்டம், அதற்குக் கீழே போகாது. அவ்வளவுதான் அதிலிருந்து தெரியும்.

சரிபார்க்க இதைவிட நல்ல வழி கிடையாது. ஒவ்வொரு எண்ணுக்கும் பின்னால் ஒரு படம், நீங்களே திறந்து பார்க்கலாம். 2023 ஜூனில், உக்ரைனின் எதிர்த்தாக்குதல் தொடங்கிய வாரத்தில், உக்ரைனின் ஜெர்மன் தயாரிப்பு லெப்பர்ட் டாங்கியை அழித்ததாக ரஷ்யப் பாதுகாப்பு அமைச்சகம் ஒரு ஹெலிகாப்டர் வீடியோவை வெளியிட்டது. பார்த்தால் அது வயலில் நின்ற விவசாய இயந்திரம். அதை முதலில் கேலி செய்தவர்களில் ரஷ்ய ராணுவப் பதிவர்களும் இருந்தார்கள்.

ஆனால் படம் எடுப்பவர் எந்தப் பக்கம் அதிகமோ, அந்தப் பக்கத்தின் எதிரிக்குத்தான் எண் கூடும். அதோடு, 2025-இல் ரஷ்ய டாங்கி இழப்பு முன்பைவிடக் குறைந்தது. ரஷ்யா தேறிவிட்டது என்று இதைப் படிக்கலாமா? டாங்கிகளை முன்னால் அனுப்புவதையே குறைத்துக்கொண்டு, சிறு சிறு குழுவாக நடந்தும் மோட்டார் சைக்கிளிலும் ஆட்களை அனுப்பத் தொடங்கியிருந்தார்கள். எண் குறைந்ததன் காரணம் பட்டியலில் இல்லை.

## 4. பெயர் பெயராக எண்ணுபவர்கள்

ரஷ்யாவின் மீடியாஸோனா செய்தித்தளமும் பிபிசி ரஷ்யச் சேவையும் தன்னார்வலர்களோடு சேர்ந்து இறந்த ரஷ்ய வீரர்களின் பெயர்ப் பட்டியலைத் தயாரிக்கின்றன. உள்ளூர்ப் பத்திரிகை அஞ்சலி, குடும்பத்தார் சமூக வலைத்தளத்தில் போட்ட பதிவு, கல்லறைத் தோட்டத்தில் புதிதாக முளைத்த சிலுவைகளின் படம். 2025-இல் பட்டியல் ஒரு லட்சம் பெயரைத் தாண்டியது. மீடியாஸோனாவும் மெடூஸா என்ற இன்னொரு ரஷ்ய மொழிச் செய்தித்தளமும் இன்னொரு கணக்கும் போட்டன: வாரிசுச் சொத்து வழக்குகளின் பதிவேட்டில், இள வயது ஆண்கள் வழக்கத்தைவிட எத்தனை பேர் கூடுதலாக வருகிறார்கள் என்று பார்த்தார்கள். அமைச்சகம் மறைத்தாலும், செத்தவர் வீட்டார் நிலத்துக்கும் காருக்கும் மனுப் போட்டுத்தானே ஆக வேண்டும்.

எனக்கு இந்த ஆறில் பிடித்தது இதுதான். குறை தாமதம்: இன்றைய சண்டையின் கணக்கு மாதங்கள் கழித்துத்தான் வரும். உக்ரைன் பக்கமும் இதே மாதிரி பெயர்ப் பட்டியல் முயற்சி நடக்கிறது என்றாலும், இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. சேகரிக்கும் முறையும் சூழ்நிலையும் வேறு. போதாததற்கு, ஆள்தொகையில் ரஷ்யா உக்ரைனைப்போல மூன்று மடங்குக்கும் மேல். ஒரே எண்ணிக்கை இரு பக்கமும் ஒரே கனம் இல்லை.

## 5. டெலிகிராம் பதிவர்கள்

வேகம் என்றால் இவர்கள்தான். ரஷ்ய ராணுவப் பதிவர்கள் போரை ஆதரிப்பவர்கள், ஆனால் தளபதிகளைக் கிழித்துத் தொங்கவிடவும் செய்வார்கள். ஆதரவாளரே "இந்த இடம் போச்சு" என்றால் நம்பலாம். அந்தக் காரணத்துக்காகவே 2022-இல் இவர்கள் தங்கச் சுரங்கமாக இருந்தார்கள்.

அந்தச் சுரங்கத்தில் இப்போது ஈட்டம் குறைவு. கடுமையாக விமர்சித்துவந்த இகோர் கிர்கின் 2024 ஜனவரியில் நான்கு ஆண்டு சிறைக்குப் போனார். அதன் பிறகு மற்றவர்கள் எவ்வளவு சொல்வார்கள், எங்கே நிறுத்திக்கொள்வார்கள் என்று யோசித்துப் பாருங்கள். ஒரு வழியின் நம்பகம் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை; இரண்டு வருடத்துக்கு முன் நம்பியதை இன்றும் அதே மாதிரி நம்பக் கூடாது.

திரிப்பு நடப்பதும் இங்கேதான். 2023 ஏப்ரலில் பென்டகனின் ரகசிய ஆவணங்கள் கசிந்தன. மூலத்தில் ரஷ்ய இறப்பு 35,500 முதல் 43,000, உக்ரைன் இறப்பு 16,000 முதல் 17,500. டெலிகிராமில் சுற்றிய ஒரு பிரதியில் ரஷ்ய இறப்பு 16,000 முதல் 17,500 ஆகிவிட்டது. உக்ரைன் இறப்பு 61,000 முதல் 71,500. உண்மையான ஆவணம், உண்மையான தாள் மடிப்பு, இலக்கங்கள் மட்டும் இடம் மாறியிருந்தன. 16-ஐ 61 ஆக்குவதற்குப் பெரிய கெட்டிக்காரத்தனம் வேண்டியதில்லை.

வீடியோ வந்தால் இடத்தைக் கண்டுபிடித்துச் சரிபார்க்கலாம் என்பார்கள். ஒருமுறை நானே உட்கார்ந்தேன். ஐந்து மாடிக் குடியிருப்பு, மூலையில் உடைந்த பால்கனி, பின்னால் ஒரு தண்ணீர்த் தொட்டி. அதைச் செயற்கைக்கோள் படத்தில் தேட இரண்டரை மணி நேரம் ஆனது; கடைசியில் அது இரண்டு வருடப் பழைய வீடியோ. மனைவி பார்த்துக்கொண்டே இருந்தாள், ஒன்றும் சொல்லவில்லை. நமக்காக அந்த வேலையைச் செய்யும் குழுக்கள் இருக்கின்றன, அவர்களிடமே விட்டுவிடுங்கள்.

(நம்ம ஊர் யூடியூப் சேனல்களைத் தனி வழியாக நான் எண்ணவில்லை. மேலே சொன்ன ஐந்திலிருந்து எடுத்து, "புடின் வைத்த செக்" என்று தலைப்புப் போட்டுத் தருகிறார்கள். சிலதில் ஓடும் காட்சி போரே கிடையாது: ஆர்மா 3 விளையாட்டின் காட்சிகள் போர்க் காட்சிகளாகச் சுற்றுகின்றன என்று அதைத் தயாரித்த செக் நாட்டு நிறுவனமே 2022 நவம்பரில் அறிக்கை விட வேண்டிவந்தது.)

## 6. பணமும் ஆள்சேர்ப்பும்

யாரும் வீடியோ போடாத வழி. ஓர் அரசு என்ன சொல்கிறது என்பதை விட்டுவிட்டு, எதற்குச் செலவழிக்கிறது என்று பார்ப்பது.

2024 ஜூலை கடைசியில், படையில் சேர்பவருக்கு மத்திய அரசு தரும் ஒருமுறைத் தொகையை 1,95,000 ரூபிளிலிருந்து 4,00,000-க்கு புடின் உயர்த்தினார். அதே மாதம் மாஸ்கோ நகர நிர்வாகம் தன் பங்குக்கு 19 லட்சம் ரூபிள் அறிவித்தது. ஆள் தாராளமாகக் கிடைத்தால் யாரும் கூலியை இப்படி ஏற்றமாட்டார்கள். மறுபக்கம் ஏப்ரல் 2024-இல் உக்ரைன் கட்டாய ராணுவ அழைப்பின் வயதை 27-லிருந்து 25 ஆகக் குறைத்தது. ரஷ்ய மத்திய வங்கியின் வட்டி 2024 அக்டோபரில் 21 சதவீதம். கூர்ஸ்கில் வட கொரிய வீரர்கள் சண்டையிட்டார்கள் என்பதை மாஸ்கோ 2025 ஏப்ரலில்தான் ஒப்புக்கொண்டது. இவை எல்லாமே அந்தந்த அரசு தன் வாயால் சொன்னவை.

இதன் பலவீனம், முடிவு எப்போது வரும் என்று இது சொல்லாது. ரஷ்யப் பொருளாதாரம் இதோ கவிழ்கிறது என்று 2022 வசந்தத்திலேயே எழுதியவர்கள் உண்டு. இரண்டு பக்கமும் மூச்சு வாங்குவது தெரிகிறது. யாருக்கு முதலில் நிற்கும் என்பது இந்தக் கணக்கில் வராது.

## ஒரே பார்வையில்

| வழி | எதைச் சொல்லும் | தாமதம் | கவனிக்க வேண்டியது |
|---|---|---|---|
| ராணுவ அறிக்கை | ஊர்ப்பெயரால் திசை | அன்றே | எண்களை விட்டுவிட வேண்டும் |
| வரைபடம் | நிலம், வேகம் | ஓரிரு நாள் | சிறு நகர்வும் பெரிதாகத் தெரியும் |
| படக் கணக்கு | தளவாட இழப்பின் தரைமட்டம் | வாரங்கள் | ஏன் கூடியது, குறைந்தது என்று சொல்லாது |
| பெயர்க் கணக்கு | உயிரிழப்பு | மாதங்கள் | இரு பக்கமும் ஒப்பிடத் தோதில்லை |
| டெலிகிராம் | முதல் தகவல் | நிமிடங்கள் | திரிப்பு, சிறைப் பயம், உங்கள் தூக்கம் |
| பணம், ஆள்சேர்ப்பு | தாக்குப்பிடிக்கும் திறன் | காலாண்டு | தேதி சொல்லாது |

## யாருக்கு எது

வாட்ஸ்அப் குரூப்பில் பதில் சொல்வது மட்டும் வேலை என்றால், மாதம் ஒரு தடவை, முதல் ஞாயிறு, இரண்டு வரைபடங்களையும் போன மாதத்தோடு ஒப்பிடுங்கள். பக்கத்தில் அறிக்கையின் ஊர்ப்பெயர்கள். அரை மணி நேரம் போதும். தினமும் பார்ப்பவருக்கு உங்களைவிட அதிகம் தெரியாது, ரத்த அழுத்தம்தான் அதிகம்.

போட்டித் தேர்வுக்கோ கட்டுரைக்கோ படிப்பவர் மூன்றும் நான்கும் எடுத்துக்கொள்ளலாம். எண் எப்படி வந்தது என்று சொல்ல முடிகிற வழிகள் இவை. சூரியகாந்தி எண்ணெய் வியாபாரத்தில் இருப்பவருக்குத் தொன்பாஸ் கிராமங்களால் ஆவதொன்றும் இல்லை. அவர் உக்ரைனின் ஒதேசா துறைமுகத்தையும் கப்பல் காப்பீட்டையும் பார்க்க வேண்டும். ஒரே இரவில் பெரிய திருப்பம் நடந்தால் டெலிகிராமைத் திறக்கலாம், ஒரு மணி நேரத்துக்கு மட்டும்.

கடைசியாக, உக்ரைனின் வின்னித்சியா நகரில் மகள் எம்.பி.பி.எஸ். படித்த ஒரு தகப்பனார் கேட்டிருந்தார்: 2022-இல் திரும்பி வந்த பிள்ளையை மறுபடி அனுப்பலாமா, உக்ரைன் ஜெயிக்குமா? ஐயா, உங்களுக்கு மேலே உள்ள ஆறும் வேண்டாம். நீங்கள் பார்க்க வேண்டியது வான்தாக்குதல் எச்சரிக்கைப் பதிவும் இந்தியத் தூதரக அறிவிப்பும். போர்முனை வரைபடத்தில் வின்னித்சியா முதல் நாளிலிருந்து நிறம் மாறியதே இல்லை; சண்டை அங்கிருந்து பல நூறு கிலோமீட்டர் தள்ளி நடக்கிறது. 2022 ஜூலை 14 அன்று காலை அந்த ஊரின் நடுவே ஏவுகணைகள் விழுந்து இருபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.